கேட் போட்டிருக்கும்

பங்குனி இருபது, ராத்திரி ஒன்பதரை.
மெயின் சுவிட்சை நானே அணைத்தேன்.
"தீ" என்றேன்,
சாப்பாடு ஆச்சா என்று கேட்பதுபோல.

யாரும் எழுந்திருக்கவில்லை.

தமயந்தி சிரித்தாள்.
கலியபெருமாள் செல்போன் வெளிச்சத்தில்
என் முகத்தைப் பார்த்தார்.
போன வாரம் எதிர்ச்சாரியில் நாலு வீடு
கால் மணி நேரத்தில் கருங்கம்பாய் நின்றதை
அவரும்தான் பார்த்தார்.
பார்ப்பது வேறு, எழுந்திருப்பது வேறு.

இரண்டாம் முறை
எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்தேன்.

ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே குடியிருந்துகொண்டு
தண்ணீர் இல்லை என்றால் சிரிப்பார்கள்.
தை மாசமே மேட்டூரை மூடியாச்சு.
வாய்க்காலில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள்;
ஸ்டம்ப் நட்ட இடத்தில்
ஐப்பசியில் எனக்குக் கழுத்தளவு ஓடும்.
வெட்டாறு வெறும் மணல்.
அடிபம்பில் நாற்பது அடி அடித்தால் ஒரு குடம்.
மேலே கிடப்பதோ போன வருஷத்துக் கீற்று,
விரல் பட்டாலே பொடிகிறது.

வண்டிக்குப் போன் போடலாம்.
எதிர்ச்சாரிக்காரர்கள் போட்டார்கள்.
கொரடாச்சேரியில் கேட் போட்டிருந்தது.
நெல் ஏற்றிய கூட்ஸ்,
நாம் அறுத்த நெல்தான்,
ஒவ்வொரு பெட்டியாய் ஊர்ந்து முடியும்வரை
தொப்பி மாட்டிய ஆறு பேர்
வண்டிமேல் நின்று புகையைப் பார்த்தார்களாம்.

அதனால் சொன்னேன்.
பை இனி வாசல் ஆணியில் தொங்கும்.
ரேஷன் கார்டு, ஆதார், மனைப்பட்டா,
தமயந்தியின் சாதிச் சான்றிதழ்,
அடகுக்கடை ரசீது இரண்டு.
(நகைக்குப் பயமில்லை. அது
சேட்டு வீட்டு இரும்புப் பெட்டியில்
வட்டியோடு பத்திரமாக இருக்கிறது.)
கை எட்டினால் பையை எடு, எட்டாவிட்டால் விடு.
இதைச் சொல்கையில் நாக்கு இழுத்தது;
அந்தப் பட்டாவுக்கு ஒன்பது வருஷம் அலைந்தவள் நான்.

சிலிண்டரை நான் மூடுவேன். ஆட்டை அவர் அவிழ்ப்பார்.
சின்னவன் கையைத் தமயந்தி பிடிக்கணும்.
எல்லோரும் தண்ணீர் டேங்க் தூணடிக்கு.
வெளியே வந்தவர் திரும்ப உள்ளே போகக்கூடாது.
"ஆட்டுக்குக்கூடவா?"
ஆட்டுக்குக்கூட.
"உனக்கு?" என்றாள் தமயந்தி.
ஆடு அசைபோடுவது கேட்டது.

மூன்றாம் முறை எண்ணிக்கொண்டே ஓடினோம்.
முப்பத்தெட்டில் டேங்கடி.
அவர், ஆடு, தமயந்தி, பை.
தமயந்தியின் வலது கை
எதையோ பிடித்த மாதிரியே மடங்கியிருந்தது.
அதைத் திறந்து பார்த்தாள்.

சொன்ன வாயில் சொல் இன்னும் காயவில்லை,
நான் உள்ளே ஓடிவிட்டேன்.

அரிசிச் சாக்குக்குப் பின்னால்,
போர்வையைத் தலைவரை இழுத்து,
மூச்சை அடக்கிக்கொண்டு அகத்தியன்.
"தீ என்னைக் கண்டுபிடிக்கலம்மா" என்றான்.
ஜெயித்த முகம்.

திட்ட வரவில்லை.
அவன் சட்டைக்குள் வேர்வை சுட்டது.
அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு
வேலைகளை மறுபடி பிரித்தோம்.
நீ ஒளியக்கூடாது, கத்தணும்.
கத்துவதுதான் உன் வேலை,
இந்த வீட்டில் உன் அளவுக்கு யாருக்கு வரும்?

நாலாம் முறை கத்தினான்.

எதிர்ச்சாரியில் தார்ப்பாய்க்குக் கீழே படுத்தவர்கள்
குடத்தோடு ஓடிவந்துவிட்டார்கள்.
நடுத்தெருவில்தான்
குடம் காலி என்று அவர்களுக்கே தெரிந்தது.
ஆனாலும் நிற்கவில்லை.

முதலில் வந்தவள் அஞ்சுகம்.
சேலைக் கரையில் இன்னும் சாம்பல்.
"எங்கே?" என்றாள்.
ஒத்திகை என்ற சொல்
என் வாயில் திருடிய பண்டம்போல் இருந்தது.

அவள் ஏசவில்லை.
குடத்தை இறக்கினாள்.
எங்கள் நாலு தலையையும் விரல் நீட்டி எண்ணினாள்,
பிறகு ஆட்டையும்.
மூச்சு வாங்க என் பக்கம் திரும்பி,
"பீடியை எங்கே அணைக்கிறாரு உன் வீட்டுக்காரரு?" என்றாள்.

கலியபெருமாளின் கை
தானாகக் காதுக்குப் போனது.